பச்சை மரத்தில் ஒரு கிறிஸ்துமஸ் உருண்டை: மரம் சுருங்கும் கணக்கைத் தெரிந்துகொண்டு கடைவது

வீடு இழுத்துக் கட்ட வேண்டும், ரோட்டை அகலப்படுத்த வேண்டும், கிளை கரண்ட் கம்பியில் உரசுகிறது என்று ஏதோ ஒரு காரணத்துக்காக நம் கொங்கு ஊர்களில் வேம்பும் பூவரசும் வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அடிமரம் மரக்கடைக்குப் போகும். கிளைகள் அடுப்புக்குப் போகும். அந்தக் கிளையில் ஒரு சாண் நீளம் கிடைத்தால் போதும், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், ஓர் உருண்டை கடைந்துவிடலாம். வாசலில் முப்பது வருடம் நின்ற மரத்தின் நினைவாக அது வீட்டில் இருக்கும். மரம் காயட்டும் என்று ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை. வெட்டிய வாரத்திலேயே கடையலாம். பச்சையாகக் கடைவதுதான் இந்த வேலைக்கு நல்லதும்கூட.

கோயமுத்தூரில் எந்தப் பட்டறையில் கேட்டாலும் முதலில் வரும் பதில், "பச்சை மரம் வெடிச்சுப் போயிருமுங்க" என்பதுதான். அது பாதி உண்மை. மரம் எதனால் வெடிக்கிறது, எந்த இடத்தில் வெடிக்காது என்பது தெரிந்துவிட்டால் மீதிப் பாதியும் கைக்கு வந்துவிடும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

தண்ணீர் மரத்தில் எங்கே இருக்கிறது

புதிதாக வெட்டிய மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. நுண்ணறைகளின் உள்வெளியில் சும்மா நிற்கும் தண்ணீர் ஒன்று. அந்த அறைகளின் சுவருக்குள்ளேயே ஊறிக் கிடக்கும் தண்ணீர் இன்னொன்று. காயும்போது முதலில் போவது உள்வெளித் தண்ணீர். அது போகும்போது எடை குறையும், அளவு மாறாது. மரத்தின் உலர்ந்த எடையில் ஈரம் ஏறக்குறைய 28 முதல் 30 சதவீதத்துக்கு இறங்கிய பிறகுதான் சுவரில் ஊறிய தண்ணீர் வெளியேறத் தொடங்கும். சுருக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வெட்டி நாலு நாள் ஒன்றும் ஆகாமல் கிடந்த கட்டை ஐந்தாம் நாள் திடீரென்று பிளந்து நிற்பதற்கு இதுவே காரணம்.

சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. முழுக்கப் பச்சையாக இருந்த மரம் ஈரமே இல்லாமல் காயும்வரை கணக்கிட்டால், நார் ஓடும் திசையில், அதாவது நீளவாக்கில், சுருக்கம் 0.1 முதல் 0.3 சதவீதம்தான். இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். மையத்திலிருந்து பட்டையை நோக்கிப் போகும் திசையில் பொதுவாக 4 சதவீதம் பக்கம். வளையங்களை ஒட்டிச் சுற்றிவரும் திசையில் 8 சதவீதம் பக்கம். மரத்துக்கு மரம் இந்த எண்கள் மாறும். ஆனால் சுற்றுத்திசைச் சுருக்கம் ஆரத்திசைச் சுருக்கத்தைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு என்பது பெரும்பாலான மரங்களுக்குப் பொருந்தும்.

இப்போது முழு உருளைக் கட்டை ஒன்றை நினைத்துப் பாருங்கள். அதன் சுற்றளவு 8 சதவீதம் குறையப் பார்க்கிறது. ஆரமோ 4 சதவீதம்தான் குறைகிறது. கொல்லர் மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றியதும் பட்டா சுருங்கிச் சக்கரத்தை இறுக்குமே, அதே இறுக்கம் இங்கேயும் வருகிறது. இரும்பு அந்த இழுவையைத் தாங்கும், மரம் தாங்காது. பட்டைப் பக்கம் அகலமாகவும் மையத்துப் பக்கம் கூராகவும் ஒரு பிளவு விழும். காய்ந்த விறகுக் கட்டையின் முகத்தில் இந்தப் பிளவைப் பார்த்திருப்பீர்கள்.

சரி, அந்தக் கட்டையின் நடுவை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? சுற்றளவு சுருங்கும்போது உள்ளேயிருந்து தடுக்க ஆளில்லை. வளையம் அப்படியே சின்னதாகிவிடும், வெடிக்காது. சுவர் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நிம்மதியாகச் சுருங்கும். ஆகவே பச்சை மரத்தில் உருண்டை கடைய இரண்டு விதிகளை மனதில் வைத்தால் போதும். கிளையின் நடுச்சோறு, அதாவது மையத்தில் ஓடும் மெத்தென்ற தண்டு, உருண்டையின் நடு அச்சில் வர வேண்டும், அதை முழுதாகத் துளைத்து எடுத்துவிட வேண்டும். மீதி இருக்கும் சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில், 3 மி.மீ. அளவுக்கு, மெல்லிசாக இருக்க வேண்டும்.

கிண்ணம் கடைபவர்கள் நடுச்சோறு உள்ள துண்டைத் தொடவே மாட்டார்கள். கிண்ணத்தின் அடியில் அது மாட்டிக்கொண்டு கட்டாயம் பிளக்கும் என்பதால் அப்படி. உருண்டைக்கு மேலும் கீழும் துளை இருக்கிறது, சோறு நிற்க இடமே இல்லை. அதனால் இங்கே கிளையை முழுதாகவே பயன்படுத்தலாம்.

உலகில் இது புதிய வேலையும் அல்ல. ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்து எர்ட்ஸ்கெபிர்க மலைப்பகுதியில் சைஃபென் என்ற ஊர் கிறிஸ்துமஸ் மரப் பொம்மைகளுக்குப் பேர் பெற்றது. அங்கே தண்ணீரில் ஊறிய ஸ்ப்ரூஸ் மரத்தை ஈரமாகவே வளையமாகக் கடைந்து, அந்த வளையத்தைக் கேக் துண்டு போடுவதுபோல் பிளந்து ஆடு, மாடு, குதிரை உருவங்கள் எடுக்கிறார்கள். இங்கிலாந்தின் சில்டர்ன் குன்றுப் பக்கத்து பீச் மரக் காடுகளில் நாற்காலிக் கால்களைப் பச்சையாகக் கடைந்து காயவைத்துத்தான் ஹை விக்கம் பட்டறைகளுக்கு அனுப்பினார்கள்.

அளவுக் கணக்கு

நம் வீட்டுக்குள் மரம் எலும்பாய்க் காய்வதில்லை. காற்றில் எப்போதும் ஈரம் இருப்பதால் ஏறக்குறைய 12 சதவீத ஈரத்தில் வந்து நின்றுவிடும். 30-லிருந்து 12 வரைக்கும்தான் சுருக்கம் என்றால், முழுச் சுருக்கத்தில் பத்தில் ஆறு பங்கு. ஆக, சுற்றுத்திசையில் 8 என்பது 4.8 சதவீதம் ஆகிறது.

60 மி.மீ. உருண்டை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நார் மேலிருந்து கீழாக ஓடுவதால் உயரம் மாறாது, 60 என்று கடைந்தால் 60-ஆகவே நிற்கும். அகலமோ 4.8 சதவீதம் குறையும். 60 என்று கடைந்தால் 57-க்கு வந்து முட்டை போலாகிவிடும். அதனால் அகலத்தை 63 என்று வைத்துக் கடையுங்கள். கடையும்போது கொஞ்சம் சப்பையாகத் தெரியும். காய்ந்த பிறகு உருண்டை ஆகிவிடும். துளைக்கும் இதே கணக்குத்தான்: 16 மி.மீ. போட்ட துளை 15.2 பக்கம் வந்து நிற்கும்.

எடையையும் இங்கேயே பார்த்துவிடலாம். நம் ஊரில் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் என்பது சவுக்குக் கிளைதான். அதன் நுனி கொஞ்சம் பாரம் வைத்தாலே தொங்கிவிடும். இந்த அளவில் உருண்டையை உள்ளே குடையாமல் விட்டால் காய்ந்த வேம்பில் 80 கிராமைத் தாண்டும். 3 மி.மீ. சுவர் வைத்துக் குடைந்தால் 22 கிராம் பக்கம் நிற்கும். கீழே கூராக இறங்கும் தொங்கலையும் சேர்த்து 35 கிராமுக்குள் முடித்தால் சவுக்கு நுனி தாங்கும்.

எந்த மரம், எந்தக் கிளை

கிடைத்தால் வெப்பாலை. வெட்டினால் பால் வரும், மலையடிவாரக் காடுகளிலும் வேலியோரங்களிலும் நிற்கும், மரம் தந்தம்போல் வெள்ளை, நார் மிக நுணுக்கம். கர்நாடகத்துச் சென்னபட்டணா ஊரின் மரப் பொம்மைகள் காலங்காலமாக இதில்தான் கடையப்படுகின்றன. அடுத்தது பூவரசு. வேம்பு எங்கும் கிடைக்கும், நார் சில இடங்களில் பின்னிக்கொண்டு ஓடும், உளி கூராக இருந்தால் பிரச்சினை இல்லை. மா எளிதாகக் கடையும், ஆனால் இரண்டே நாளில் நீலமும் கறுப்புமாகக் கறை பிடிக்கும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், நிற்கும் வெள்வேலம் பச்சையிலேயே உளியை எதிர்க்கும், முதல் முயற்சிக்கு வேண்டாம். தைல மரம் பிளப்பதில் பேர் போனது. முருங்கை கடைசலுக்கே ஆகாது. வாகைத் தூள் தும்மலைக் கிளப்பிவிடும். அரளியும் எட்டியும் நஞ்சு, குழந்தைகள் எடுத்து விளையாடும் பொருளுக்கு அவற்றை நினைக்கவே கூடாது. சந்தன மரம் சொந்தத் தோட்டத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது.

கிளை விஷயத்தில் மரத்தின் பெயரைவிட முக்கியமானது அது எப்படி வளர்ந்தது என்பது. படுக்கைவாட்டில் நீண்ட கிளை தன் பாரத்தைத் தாங்க மேல்பக்கத்தில் ஒரு தனி வகை மரத்தை வளர்த்துக்கொள்ளும். அந்தப் பக்கம் நார் உரோமம்போல் எழும்பும், காயும்போது கோணும். வெட்டு முகத்தைப் பாருங்கள்: நடுச்சோறு ஓர் ஓரமாகத் தள்ளி இருந்தால் அது படுத்து வளர்ந்த கிளை, விட்டுவிடுங்கள். நேராக மேலே போன போத்தில் சோறு நட்டநடுவே இருக்கும். பட்டை நீக்கி 75 முதல் 90 மி.மீ. குறுக்களவு உள்ள, கணு இல்லாத பகுதி வேண்டும்.

வெட்டியவுடன் துண்டு துண்டாக அறுத்துவிடாதீர்கள். ஒரு மீட்டர் நீளமாக வைத்து, இரண்டு முனைகளிலும் உருக்கிய மெழுகையோ, கெட்டியான ஃபெவிகாலையோ, மிச்சமிருக்கும் பெயிண்டையோ தடவி நிழலில் போடுங்கள். ஈரம் முகத்தின் வழியாகத்தான் வேகமாக ஓடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியில் மூடாத முகம் அன்று மாலையே கீறல் விட்டிருக்கும். ஒன்றுமே இல்லாவிட்டால் தொட்டித் தண்ணீரில் முக்கிப் போடலாம், சில வாரம் தாங்கும்.

கருவிகள்

ஃபவுண்டரிகளுக்கு மர அச்சு செய்து கொடுக்கும் பேட்டர்ன் பட்டறைகள் கோவையில் நிறைய உண்டு. மர லேத்தும், மரத்தைத் தெரிந்த ஆளும் அங்கே கிடைப்பார்கள். சொந்த லேத் இல்லாதவர்கள் முதலில் அங்கே விசாரிக்கலாம். தேவைப்படுபவை: கட்டையைக் கவ்விப் பிடிக்க நாலு தாடை சக், 16 மி.மீ. டிரில் பிட், முரட்டு வேலைக்கு 20 மி.மீ. அரைவட்ட உளி, உருவம் கடைய 10 மி.மீ. அரைவட்ட உளி, அறுத்துப் பிரிக்க 3 மி.மீ. பார்ட்டிங் உளி, உள்ளே குடைய முனை வளைந்த ஒரு சுரண்டு உளி. கடைசியாகச் சொன்னது கடையில் எளிதில் அமையாது. 8 மி.மீ. இரும்புக் கம்பியின் முனையை வளைத்து, அதில் சிறிய எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டைப் பொருத்தித் தரச் சொன்னால் எந்த லேத் பட்டறையிலும் செய்து தருவார்கள். வெட்டும் முனை கம்பியிலிருந்து 12 முதல் 15 மி.மீ. பக்கவாட்டில் நீண்டிருக்கட்டும், அது 16 மி.மீ. துளை வழியாகச் சாய்ந்து நுழைகிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நேராக ஒன்று, வளைந்தது ஒன்று என இரண்டு இருந்தால் இன்னும் நல்லது.

முகம் முழுதும் மறைக்கும் கவசம் கட்டாயம், வெறும் கண்ணாடி போதாது. பச்சைக் கட்டையின் பட்டை சுற்றும்போது பெயர்ந்து பறக்கும். துண்டு, துப்பட்டா, முழுக்கைச் சட்டை, கையில் கட்டிய கயிறு எதுவும் கூடாது. கையுறையும் கூடாது.

கடைசல்

முனையில் 5 செ.மீ. அறுத்து எறிந்துவிட்டு, அடுத்த 95 மி.மீ. துண்டை எடுங்கள். பட்டையை வெட்டுக்கத்தியால் செதுக்கிவிடுங்கள். இரண்டு முகத்திலும் நடுச்சோறு இருக்கும் இடத்தில் புள்ளி வைத்து, அந்தப் புள்ளியிலேயே லேத்தின் இரு முனைகளுக்கு நடுவே மாட்டுங்கள். கட்டை பார்வைக்கு ஒரு பக்கம் தள்ளி ஓடினாலும் பரவாயில்லை. மையம் என்பது சோறுதான், பட்டையின் வட்டம் அல்ல. நிமிடத்துக்கு 600 முதல் 800 சுற்றில் ஆரம்பித்து, உருளையாகி ஆட்டம் நின்ற பிறகு 1200-க்கு ஏற்றலாம். பச்சை மரம் சீவலாக, நீள நீளமான ஈரச் சுருளாக வரும். தூசி பறக்காது, உளி சூடாகாது. இதற்காகவே பச்சை மரத்தை விரும்பும் கடைசல்காரர்கள் உண்டு.

66 மி.மீ. உருளையானதும் ஒரு முனையில் 45 மி.மீ. அகலம், 8 மி.மீ. நீளத்தில் கழுந்து வெட்டி அதைச் சக்கில் பிடியுங்கள். ஈர மரம் தாடைக்கு அடியில் நசுங்கும். லேத்தை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் சக் சாவியை ஒரு திருகு திருகிப் பாருங்கள், கொஞ்சம் இறுகும். இதைச் செய்யாமல் போவதால்தான் பாதி வேலையில் கட்டை சக்கிலிருந்து கழன்று வருகிறது.

முகத்தைச் சமன் செய்துவிட்டு 16 மி.மீ. பிட்டால் 68 மி.மீ. ஆழம் துளையிடுங்கள். வேகம் 400, 500-க்கு மேல் வேண்டாம். 10 மி.மீ. இறங்கியதும் பிட்டை வெளியே இழுத்துச் சீவலைத் தட்டுங்கள். ஈரச் சீவல் பிட்டின் பள்ளத்தில் அடைத்துக்கொண்டால் சூடேறி ஆவி கிளம்பும். துளையின் உட்சுவரில் அப்போது விழும் மயிரிழைக் கீறல் உடனே தெரியாது, காயும்போது பெரிதாகி வெளியே வரும்.

அடுத்து வெளி உருவம். 60 மி.மீ. உயரத்தை அளந்து கோடு போட்டு, 63 மி.மீ. அகலத்துக்குக் கடையுங்கள். உளி எப்போதும் பெரிய விட்டத்திலிருந்து சின்ன விட்டத்தை நோக்கிப் போக வேண்டும். எதிர்த்துப் போனால் நார் பிய்யும். சக் பக்கத்தில் கழுத்தை 30 மி.மீ. தடிமனுக்குக் கீழே இப்போது இறக்காதீர்கள். குடையும்போது கட்டை நடுங்காமல் நிற்க அது வேண்டும்.

இனிமேல்தான் பொறுமை தேவை. வளைந்த உளியைத் துளை வழியாக உள்ளே விட்டு, வாயை ஒட்டிய பகுதியை முதலில் குடைந்து சுவரை 3 மி.மீ.க்குக் கொண்டுவந்த பிறகே அடுத்த 10 மி.மீ. உள்ளே போகவும். மேலே முடித்துவிட்டால் திரும்ப வந்து தொடக் கூடாது. மெலிந்த சுவர் அதற்குள் நடுங்கத் தொடங்கியிருக்கும், தொட்டால் உளி கொத்திவிடும். ஒவ்வொரு முறையும் நடுவிலிருந்து சுவரை நோக்கி வெட்டுங்கள். பதினைந்து விநாடிக்கு ஒருமுறை லேத்தை நிறுத்தி உள்ளே இருக்கும் சீவலைக் கொக்கிக் கம்பியால் இழுத்து எடுங்கள். ஈரச் சீவல் பஞ்சுப் பொதிபோல் இறுகி உளியைச் சுற்றிக்கொள்ளும். உள்ளே உருண்டை உடைவதில் பெரும்பாலானவை இப்படிச் சீவல் அடைத்து உளி மாட்டியதால்தான்.

உள்ளே பார்க்க முடியாதே, தடிமனை எப்படி அறிவது? பச்சை மரம் தரும் பெரிய உதவி இங்கே இருக்கிறது. ஈரமான வெளிர் மரம் வெளிச்சத்தை ஊடுருவ விடும். லேத்தை நிறுத்தி, பட்டறை விளக்கை அணைத்து, விரலளவு எல்.இ.டி. விளக்கைத் துளைக்குள் விடுங்கள். 3 மி.மீ.க்கு வந்த இடம் தேன் நிறத்தில் ஒளிரும். இன்னும் தடிமனாக உள்ள இடம் மங்கிய செந்நிற இருட்டாகத் தெரியும். பிரகாசமாக மஞ்சளடித்தால் மிக மெல்லிசாகிவிட்டது என்று பொருள், அங்கே கையை எடுத்துவிடுங்கள். உருண்டையைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே பார்த்தால், பென்சிலால் எந்த இடத்தில் இன்னும் குடைய வேண்டும் என்று குறித்துக்கொள்ளலாம். இது வெப்பாலையிலும் வேம்பின் வெளிமரத்திலும் நன்றாகத் தெரியும், பூவரசின் கறுத்த வைரத்தில், அதாவது உள்மரத்தில், தெரியாது. அங்கே வளைந்த கம்பியை அளவுகோலாக்கித் தொட்டுப் பார்த்துத்தான் போக வேண்டும்.

குடையத் தொடங்கினால் ஒரே உட்காரலில் முடித்துவிடுங்கள். சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று அரை மணி விட்டால் மெலிந்த பகுதி அதற்குள் கொஞ்சம் சுருங்கி வட்டம் தப்பியிருக்கும், பிறகு ஒரு பக்கம் 2, இன்னொரு பக்கம் 4 என்று சுவர் அமையும். தவிர்க்க முடியாமல் எழுந்தால் ஈரத்துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டுப் போங்கள். வெயில் நாளில் இடையிடையே தண்ணீர் தெளித்துக்கொண்டே கடைவது நல்லது.

அடிக்கழுத்தையும் மெலிசாக்கி, பார்ட்டிங் உளியால் உள்துளை வரை வெட்டி வாருங்கள். கடைசி 1 மி.மீ. இருக்கும்போது லேத்தை நிறுத்திச் சின்ன ரம்பத்தால் அறுங்கள். அடிப்பகுதியில் சுவர் 6, 7 மி.மீ. என்று தடித்து நின்றுவிட்டால் அது மற்ற இடத்தைவிட மெதுவாகக் காயும். மெல்லிய சுவர் சுருங்கி இழுக்க, இது விட்டுக்கொடுக்காமல் நிற்க, இரண்டும் சேரும் இடத்தில் வெடிக்கும். பச்சையில் கடைந்த உருண்டைகளில் விழும் வெடிப்பு அநேகமாக இந்த இடத்தில்தான்.

உப்புத்தாள் இப்போது வேண்டாம். ஈர மரத்தில் தாள் உடனே அடைத்துக்கொள்ளும், அழுத்தித் தேய்த்தால் சூட்டில் மேற்பரப்பு சிலந்தி வலை மாதிரி கீறிவிடும். தேய்த்தே ஆக வேண்டும் என்றால் 180 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள்.

இன்னொன்று, வேல மரங்கள்போல் துவர்ப்புள்ள பச்சை மரமும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கறை விழும். லேத் படுக்கையில் ஈரத்தோடு உருண்டையை வைக்காதீர்கள், இரும்புத் தூள் ஒட்டிய கையால் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் படுக்கையைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும், மரச்சாறு ஒரே இரவில் துருப் பிடிக்க வைத்துவிடும்.

காயவைப்பது

உருண்டையை உடனே எடை போட்டு எழுதி வையுங்கள். 1 கிராம் காட்டும் சமையலறைத் தராசே போதும். பிறகு காகிதக் கவரில் போட்டு, வாயை மடித்து, மின்விசிறிக் காற்றும் வெயிலும் படாத அலமாரியில் வையுங்கள். காகிதம் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் விடாது, மூன்றாம் நாள் கறுப்புப் பூஞ்சை பூத்திருக்கும். கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் இந்தத் தொல்லை அதிகம். தினமும் ஒருமுறை எடை போடுங்கள். 35 கிராம் இருந்தது வேகமாக இறங்கி, பிறகு மெதுவாகி, 22 பக்கம் வந்து நிற்கும். மூன்று நாள் தொடர்ந்து ஒரே எடை காட்டினால் காய்ந்துவிட்டது. 3 மி.மீ. சுவருக்கு வாரம், பத்து நாள் ஆகும். சீக்கிரம் முடியட்டும் என்று வெயிலிலோ ஓவன் அடுப்பிலோ வைப்பது வேண்டாம். டிசம்பர் 24 இரவு மரத்தில் தொங்க வேண்டும் என்றால் நவம்பர் கடைசி வாரத்தில் கடைந்துவிடுவது நல்லது, மழை பிடித்தால் நாள் நீளும்.

வெளிமரத்தில் மாவுச்சத்து உள்ள மா போன்ற மரங்கள் பின்னாளில் உளுத்துப்போகும். பூச்சி இட்ட நுண்துளையிலிருந்து மாவு கொட்டும். கடைந்த கையோடு, காயவைக்கும் முன், போராக்ஸ் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்தால் இது வராது. பச்சை மரம் அந்தக் கரைசலை நன்றாக உள்ளே இழுக்கும்.

தொங்கலும் கொண்டையும் காய்ந்த மரத்தில்

உருண்டை சுருங்கட்டும் என்று விட்டோம். அதில் பொருந்தும் கொண்டையும் கீழே கூராக இறங்கும் தொங்கலும் சுருங்கவே கூடாது. இவற்றுக்குப் பல வருடம் காய்ந்த மரம் வேண்டும். உடைந்த கட்டில் கால், பழைய வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால், ஊஞ்சல் பலகையின் ஓரம் எல்லாம் இதற்கு உதவும். வேலமும் புளியின் வைரமும் நுணுக்க வேலைக்குத் தாங்கும். தேக்கு மெல்லிய முனையில் சட்டென்று ஒடியும்.

காய்ந்த உருண்டையின் துளையை வெர்னியரால் இரண்டு திசையிலும் அளந்த பிறகே கழுந்தைக் கடைய வேண்டும். 15.2, 15.0 என்று கொஞ்சம் நீள்வட்டமாக இருக்கும், சின்ன அளவை எடுத்துக்கொண்டு அதிலிருந்து 0.2 குறைத்துக் கடையுங்கள். கழுந்து 5 மி.மீ. நீளம் போதும். அதற்கு மேல் வரும் தோள் 20 மி.மீ. அகலமாக இருந்தால் துளையின் ஓர இடுக்கு மறைந்துவிடும். தோளின் அடிப்பக்கத்தை உள்நோக்கிக் கொஞ்சம் குழிவாக வெட்டினால் விளிம்பு மட்டும் உருண்டையில் ஒட்டி உட்காரும். உருண்டை காய்வதற்கு முன்னால் இறுக்கமான கழுந்தைப் பொருத்திவிட்டால், துளை சுருங்கும்போது கழுந்து விட்டுக்கொடுக்காது, சுவர் பிளக்கும். தடித்த நாற்காலிக் காலில் இதே சுருக்கம் இணைப்பை இறுக்கிப் பிடிக்கும், 3 மி.மீ. சுவரில் கேடு செய்யும்.

தொங்கல் 80 மி.மீ. நீளம், மெல்லிய இடத்தில் 3 மி.மீ. இருக்கலாம். நுனியிலிருந்து தொடங்கிச் சக்கை நோக்கி வாருங்கள். நுனியைக் கடைந்து, தேய்த்து, மெருகும் போட்டு முடித்த பிறகே அடுத்த 15 மி.மீ.க்குப் போக வேண்டும். அடியை முதலில் மெலிசாக்கிவிட்டால் நுனி ஆடத் தொடங்கி, தொட்டதும் ஒடியும். வேகம் 2000 சுற்று வரை வைக்கலாம். மெருகுக்கு அரக்குக் குச்சியைச் சுற்றும் மரத்தில் அழுத்தி, தாழை மடலால் தேய்த்துப் பரப்பும் பழைய கடைசல் முறையே போதும், பளபளப்பு கண்ணாடி மாதிரி வரும்.

உருண்டைக்கு அரக்கு வேண்டாம், எண்ணெய் போதும். 240, 320 தாளில் கையால் தேய்த்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, கால் மணி கழித்துத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் உலராது, பிசுபிசுப்பாகவே இருந்து தூசி பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டு உலர்த்திய பிறகு எறியலாம்.

எண்ணெய் போடும் முன் அடிப்பக்கத்தில் மரத்தின் பெயர், நின்ற இடம், வெட்டிய வருடம் மூன்றையும் கூரான சால்டரிங் அயனால் சுட்டு எழுதிவிடுங்கள். எழுதும்போது தொட்டு எடுக்க வேண்டும், நிறுத்தி அழுத்தினால் மெல்லிய சுவர் கருகும். பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்க்கும் பேரப்பிள்ளைக்கு வெறும் உருண்டை ஒன்றும் சொல்லாது, "வேம்பு, பெருந்துறை வீட்டு வாசல், 2025" என்று இருந்தால் சொல்லும்.

கொண்டையில் 1 மி.மீ. துளை போட்டுச் சிறிய பித்தளைக் கொக்கியைத் திருகுங்கள். துளை போடாமல் திருகினால் கொண்டை பிளக்கும். கொண்டையையும் தொங்கலையும் அரால்டைட் ஒரு பொட்டு வைத்து ஒட்டி, தொங்கல் நேராக இறங்குகிறதா என்று நூலில் தொங்கவிட்டுப் பார்த்து, இறுகும் முன் திருத்திக்கொள்ளுங்கள்.

பண்டிகை முடிந்து எடுத்து வைக்கும்போது அட்டைப் பெட்டியில் பருத்தித் துணி சுற்றி வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மரம் இன்னும் கொஞ்சம் காயும், மழைக்காலத்தில் திரும்ப ஈரம் குடிக்கும். அதற்கு ஏற்ப அகலம் அரை மி.மீ. போல ஏறி இறங்கும். ஓட்டுக்குக் கீழே சமையலறைப் பரணில் வைத்தால் இந்த ஏற்ற இறக்கம் அதிகமாகி ஒட்டு விடக்கூடும். உள்ளறை அலமாரியின் அடித்தட்டே இதற்குச் சரியான இடம்.